இரண்டரை

வியட்நாமுக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று
லோதி சாலையில், ஐந்தாம் மாடியில்,
மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை அளவுகோல்.
அரைப் புள்ளிகளுக்கு அனுமதி உண்டு.
ஒன்று என்றால் பழையபடி.
ஐந்து என்றால் யாரைப் போல என்று
படிவத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே நவம்பர்.
எதிரே ஒரு கட்டடம் உண்டு என்பது
இன்றைக்கு வெறும் நம்பிக்கை.
நேகி வைத்துவிட்டுப் போன தேநீர்
ஆடை கட்டிக் கிடக்கிறது.

விலைக் கட்டுப்பாடு நீக்கம்: நான்கு.
தனியார் தொழில் சட்டம்: மூன்றரை.
கட்சி சொன்னதை நீதிமன்றம் கேட்காமல் இருந்த தடவைகள்:
தரவு இல்லை.
தரவு இல்லை என்பதற்கும் பூஜ்யத்துக்கும் என்ன வித்தியாசம்,
அடிக்குறிப்பில் விளக்குங்கள் என்கிறார் பட்நாயக்.
ஆறு வரிக்குள்.

நிலத்தில்தான் நின்றுவிட்டேன்.

நிலம் மக்கள் அனைவருக்கும் சொந்தம்.
அரசு அதை நிர்வகிக்கும்.
நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.
தனித்தனியாகப் படித்தால் புரிகிறது.
சேர்த்துப் படித்தால்
காலடியில் கொஞ்சம் நழுவுகிறது.
பயன்படுத்தும் உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம்,
பிள்ளைக்கு எழுதிவைக்கலாம்.
சிவப்பு அட்டை போட்டு ஒரு சான்று தருவார்கள்.
நிலம் உங்களுடையது என்று மட்டும்
அது சொல்லாது.

ஹனோயிலிருந்து வந்திருந்தார் துயெத், சட்ட விரிவுரையாளர்.
என் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை
இது இனிப்பா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.
சட்டத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னார்.
கூட்டுப் பண்ணை வயலை ஓசைப்படாமல்
பங்கு பிரித்து உழுத ஊர்கள்.
தெரிந்தும் தெரியாதிருந்த அதிகாரிகள்.
வேலி தாண்டுதல் என்று அதற்குப் பெயராம்.
"நிறையப் பேர் தாண்டிய பிறகு
வேலியைப் பிடுங்கி
அவர்கள் நின்ற இடத்துக்கு அப்பால் நட்டார்கள்.
அதைத்தான் நீங்கள் சீர்திருத்தம் என்று எழுதுகிறீர்கள்."
எங்கள் பக்கம் வேலியே பயிரை மேயும் என்றேன்.
"எங்கள் பக்கமும் உண்டு" என்றார்.
"மேய்ந்த இடத்தில் கோல்ஃப் ஆடுவார்கள்."

பிறகு கேட்டார்,
உங்கள் வீடு உங்களுடையதா?

ஆமாம்.
யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

பாலம் பக்கம், இரண்டாவது மாடி.
விமானம் இறங்கும்போது தட்டுகள் அதிரும்.
கிரயப் பத்திரம் கிடையாது.
ஐம்பது ரூபாய்த் தாளில்
பொது அதிகாரப் பத்திரம் ஒன்று உண்டு.
சோனிபட்டில் வசிக்கும் தரம்வீர் தஹியா
தன் சார்பில் அந்த வீட்டில் எதையும் செய்துகொள்ள
எனக்கு அதிகாரம் அளிக்கிறார்.
பதினேழு வருடமாக
அவர் சார்பில் சமைக்கிறேன்.
அவர் சார்பில் வெள்ளையடிக்கிறேன்.
அவர் சார்பில் ஒருமுறை
குளியலறையில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன்.
தேர்தல் வந்தால் காலனி முறைப்படுத்தப்படும்.
தேர்தல் போனால் சாக்கடை பொங்கும்.
தீபாவளிக்குத் தவறாமல் ஒரு கிலோ முந்திரி அனுப்புகிறேன்.
தரம்வீர் இறந்தால் அதிகாரமும் இறந்துவிடும் என்கிறார் வக்கீல்.

துயெத் சிரிக்கவில்லை.
கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டார்.
"ஒன்றிலிருந்து ஐந்து வரை?" என்றார்.

மாலையில் பட்நாயக் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.
நில உரிமைத் தெளிவு என்ற வரிசையில்
காலிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.
இரண்டரை என்று அடித்தேன்.
காரணம் கேட்ட இடத்தில்
'உரிமைகள் மதிக்கப்படுகின்றன,
மதிக்கப்படாமல் போகும் நாள் வரை' என்று எழுதி,
அழித்து,
'கலவையான முன்னேற்றம்' என்று எழுதினேன்.
அது அவருக்குப் பிடித்திருந்தது.

இரவு சோனிபட்டுக்குப் போன் போட்டேன்.
பேச்சுக்கு நடுவில் இருமினார் தரம்வீர்.
வைக்கோல் புகை, வேறொன்றுமில்லை என்றார்.
வெளியே போகாதீர்கள் என்றேன்.
முகக்கவசம் போடுங்கள்.
வெந்நீர் குடியுங்கள்.
மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்,
நானே வாங்கி அனுப்புகிறேன்.